ஊர் ஊராகப் பிரிந்த கூட்டம், இணையத்தில் ஒரு மேசை: உங்களுக்கு எப்படி ஓடுகிறது?

#1 ஆட்டுக்குச்செங்கல் (கோவை)

விடுதியில் நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமை இரவு மெஸ் சாப்பாடு முடிந்ததும் 'கேட்டான்' (Catan: பகடையில் விழும் எண்ணுக்கேற்பக் கிடைக்கிற ஆடு, செங்கல், தாது போன்றவற்றைப் பேரம் பேசி மாற்றி வீடு கட்டும் ஆட்டம்) பலகையை விரித்தால், மடித்து வைக்க இரண்டு மணி ஆகிவிடும். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆட்டு அட்டைகளில் பாதிக்கு டீக்கறை. ஆட்கள்தான் இல்லை. ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் டொராண்டோ, ஒருவன் திருநெல்வேலியில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

போன மாதம் எப்படியோ நால்வரும் ஒரே நேரத்தில் இணையத்தில் உட்கார்ந்தோம். இங்கே இரவு 8:30, டொராண்டோவில் காலை 11, சிங்கப்பூரில் இரவு 11. ஒரு தளத்தில் அறை திறந்து, கைபேசியில் குழு அழைப்பும் போட்டுக்கொண்டோம். 50 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்றுகூட இப்போது நினைவில்லை. "சரிடா, தூங்கப் போறேன்" என்றான் சிங்கப்பூர்க்காரன். அவ்வளவுதான். விடுதியில் தோற்றவன் மறுநாள் காலைச் சிற்றுண்டி வரைக்கும் வாதாடுவான்.

தளத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்களுக்குள்தான் ஏதோ விட்டுப்போகிறது. நண்பர்களோடு தொடர்ந்து ஆடுகிறவர்கள் சொல்லுங்கள்: என்ன ஆட்டம், எங்கே, எப்படி? ஆறு மாதம் தாண்டியும் கலையாத கூட்டம் யாருக்காவது இருக்கிறதா?

#2 மரப்பலகை

இருக்காது. கேரம் பலகையில் போரிக் பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டுகிற சுகம் கண்ணாடித் திரையில் வருமா? அதே கதைதான் இதுவும். பெட்டியைப் பரணில் வையுங்கள், பொங்கலுக்கு நால்வரும் ஊருக்கு வரும்போது இறக்குங்கள்.

#3 நடுநிசி (டொராண்டோ)

மரப்பலகை அண்ணா, எதிரே இருந்து ஆடினால்தான் ஆட்டம் என்றால் அஞ்சலட்டையில் சதுரங்கம் ஆடினவர்களை எங்கே சேர்ப்பீர்கள்? ஒரு நகர்த்தல், ஒரு முத்திரை, பிறகு கிழமைக்கணக்கில் காத்திருப்பு. அப்படித்தான் முழு ஆட்டத்தையும் முடித்தார்கள்.

எங்கள் கூட்டம் இரண்டு வருடமாக ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் இருவர், லண்டனில் இருவர், மெல்பர்னில் ஒருவர், இங்கே நானும் தம்பியும். மொத்தம் ஏழு பேர். ஏழு பேர் என்றதுமே சிலருக்கு விளங்கியிருக்கும்: டிப்ளமசி. ஆலன் கேல்ஹாமர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட ஆட்டம். முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், வரைபடத்தில் 34 மையங்கள், 18 பிடித்தவர் வென்றார். பகடையும் கிடையாது, சீட்டும் கிடையாது. எல்லோரும் ஒளித்து எழுதிய கட்டளைகள் ஒரே நேரத்தில் திறக்கப்படும். அதற்கு முன்பு யார் யாரோடு என்ன கதைத்தார்கள் என்பதுதான் ஆட்டமே. இதை 1963இலேயே தபாலில் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் பேக்ஸ்டாபர் என்ற தளத்தில் ஆடுகிறோம். முதுகில் குத்துபவன் என்று பொருள், பெயரே எச்சரிக்கை. ஆட்டத்தில் ஒரு பருவத்துக்கு, அதாவது ஒரு முறை கட்டளை எழுத, இரண்டு நாள் கெடு. ஆகவே எவருடைய நேரமும் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. நான் பஸ்ஸில் போகும்போது லண்டனுக்குச் செய்தி எழுதுவேன். அவர் தேத்தண்ணி குடிக்கும்போது பதில் போடுவார். ஒரு ஆட்டம் முடிய இரண்டு மாதம். போன ஆட்டத்தில் நான் துருக்கி. ஆட்டக் கணக்கில் 1903 இலையுதிர்காலத்தில் ரஷ்யா என்னைக் கவிழ்த்தது. ரஷ்யா என் மச்சான். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

#4 ஆட்டுக்குச்செங்கல்

> ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை

இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்! எங்கள் ஆட்டம் முடிந்ததும் யாருக்கும் யார்மீதும் கோபமே வரவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஆனால் டிப்ளமசிக்கு ஏழு பேர் வேண்டும், நாங்கள் நால்வர். கேட்டானிலேயே என்ன தப்பு செய்தோம் என்று யாராவது சொல்ல முடியுமா?

#5 கணக்குப்பிள்ளை (சென்னை)

தம்பி, விடுதியில் ஒரு முறை பகடை உருட்டினால் என்னென்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் கட்டிலுக்கடியில் போன பகடையைத் தேட வேண்டும். எண்ணைப் பார்த்து யார் யாருக்கு என்ன என்று பங்கு பிரிக்க வேண்டும். ஒருவன் தன் கோதுமையை மறந்துவிட்டு இரண்டு சுற்று கழித்துக் கேட்பான்; "அப்பவே கேட்டிருக்கணும்" என்று இன்னொருவன் மறுப்பான்; நடுவே ஒருவன் டீ வாங்கப் போவான். கணினி இவ்வளவையும் அரை நொடியில் முடித்துவிடுகிறது. கைக்கு வேலை மிச்சம்தான். வாய்க்கும் வேலை போய்விட்டதே!

முக்கியமாகப் பேரம். தளத்தில் ஓர் ஆட்டை அழுத்தி, ஒரு செங்கலை அழுத்தி அனுப்பினால் மற்ற மூவருக்கும் ஒரு சின்னப் பெட்டி முளைக்கிறது. ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். "போன சுற்றில் திருடனை உன் தலையில் வைக்காமல் விட்டேனே, அதற்குக்கூட நன்றி இல்லையா" என்று கேட்பதற்கு அங்கே பொத்தான் கிடையாது. கேட்டானில் பேரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பகடையும் வங்கியில் நான்குக்கு ஒன்று மாற்றுவதும்தான். அது யாருக்கு வேண்டும்?

எங்கள் வீட்டு விதி ஒன்று: வாயால் பேசி முடிக்காத வியாபாரத்துக்குப் பொத்தானைத் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த சுற்றில் அவனோடு யாரும் வியாபாரம் செய்ய மாட்டோம். நேரக் கணக்கை இருப்பதிலேயே மெதுவானதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ஒன்றரை மணி நேரம் போகும், ஆனால் கத்துவீர்கள். அது நிச்சயம்.

#6 புதுக்காய்

நடுவே ஒரு சந்தேகம். இந்தத் தளங்களில் பகடை நேர்மையானதுதானா? போன வாரம் நான் 8ஆம் எண்ணில் இரண்டு வீடு வைத்திருந்தேன். 60 முறை உருட்டியதில் 8 விழுந்தது மூன்றே தடவை. ஆட்டம் முடிந்ததும் காட்டுகிற வரைபடத்தைப் படம் பிடித்துக்கூட வைத்திருக்கிறேன். இது திட்டமிட்ட சதி.

#7 கணக்குப்பிள்ளை

சதியா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு பகடையில் 36 வழிகள். 8 வருவதற்கு ஐந்து வழி. 60 உருட்டலுக்குச் சராசரியாக எட்டு முறையோ கொஞ்சம் கூடுதலாகவோ வர வேண்டும். மூன்றோ அதற்குக் குறைவாகவோ வருவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரை. அதாவது நாற்பது ஆட்டத்தில் ஒன்றில் 8க்கு இப்படி நடக்கும். 6க்கும் இதே கணக்கு. நீங்கள் வாரம் இரண்டு ஆட்டம் ஆடினால் வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து முறை ஏதோ ஒரு நல்ல எண் யாரையோ ஏமாற்றத்தான் செய்யும். அன்றைக்கு அந்த எண்ணில் வீடு கட்டியிருந்தவர் நீங்கள்.

விடுதியிலும் இது நடந்திருக்கும். அங்கே யாரும் எண்ணி வரைபடம் போடவில்லை, பகடையை ஊதிவிட்டு உருட்டினோம், பழி கைராசி மேல் போயிற்று. கணினிக்குக் கை இல்லாததால் சதி என்கிறோம்.

#8 புதுக்காய்

ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் சரி.

#9 தாயக்கட்டை (பெங்களூரு)

பகடைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நானும் பாட்டியும் ஒரு வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை மதியம் தாயம் ஆடுகிறோம். பாட்டி இருப்பது கும்பகோணத்தில். தாயத்துக்குச் செயலிகள் இருக்கின்றன. ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். பாட்டி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது யார் உருட்டறா?" என்று கேட்டார். கணினி என்றேன். "அப்ப அதுவே ஆடிக்கட்டும்" என்று கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் கண்டுபிடித்த வழி இது. பாட்டி வீட்டுத் தரையில் சாக்பீஸ் கட்டம். என் வீட்டில் சார்ட் காகிதத்தில் அதே கட்டம். இரண்டு பக்கமும் நான்கு நிறக் காய்கள், பாட்டிக்குப் புளியங்கொட்டையும் சோழியும். பித்தளைத் தாயக்கட்டை பாட்டியிடம் ஒரு ஜோடி, என்னிடம் ஒரு ஜோடி. வீடியோ அழைப்பில் கேமராவுக்கு முன்னால்தான் உருட்ட வேண்டும். விழுந்ததும் இரண்டு பேரும் இரண்டு கட்டத்திலும் நகர்த்த வேண்டும். கைபேசியை ஒரு சொம்பில் சாய்த்து வைப்பதில்தான் முதல் மாதம் போயிற்று. இப்போது எதிர்வீட்டுப் பையன் செல்ஃபோன் தாங்கி ஒன்று கொடுத்திருக்கிறான்.

நகர்த்துவதில் தகராறு வராமலா? "உன் காய் மலையில் இல்லை, ஒரு கட்டம் முன்னால் இருக்கு, வெட்டியாச்சு" என்பார். என் கட்டத்தில் அது மலையில்தான் (வெட்ட முடியாத கட்டம்) இருக்கும். யாருடைய கட்டம் சரி என்பதற்கு எங்களுக்குத் தனி விதி இல்லை. வயதில் பெரியவர் கட்டமே சரி.

மரப்பலகை சார் சொன்ன அந்தத் தொடுகை, பாதி வருகிறது. பித்தளை தரையில் உருளுகிற சத்தம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில்கூடக் கேட்கிறது.

#10 கணக்குப்பிள்ளை

> பித்தளைத் தாயக்கட்டை

இதைக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. கட்டை ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்றால் மொத்தம் 16 வழி. தாயம் விழ ஒரு கட்டையில் 1, மறு கட்டையில் 0. அதற்கு இரண்டே வழி. எட்டில் ஒன்று. காய் இறக்கவே சராசரியாக எட்டு முறை உருட்ட வேண்டும். ஞாயிறு மதியம் முழுக்கப் போவதில் வியப்பில்லை.

#11 தாயக்கட்டை

பாட்டிக்கு மூன்றாவது உருட்டலிலேயே விழுந்துவிடுகிறது. அவரிடம் உங்கள் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள்.

#12 இருபதுமுகம்

எங்கள் கூட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதுவும் தமிழில். இது 1974இல் வந்த ஆட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். டிஸ்கார்டில் குரல் அழைப்பு, ரோல்20இல் வரைபடம். ரோல்20க்கு உலாவி போதும், அடிப்படை வசதி இலவசம். பேசித் தீர்க்கிற ஆட்டம் என்பதால் திரைக்கு மாறியதில் பெரிய இழப்பு எதுவும் தெரியவில்லை.

பகடையை முதலில் அவரவர் வீட்டில் உருட்டி, எண்ணைச் சொன்னால் போதும் என்று வைத்திருந்தோம். ஒரு நண்பருக்கு இருபது முகப் பகடையில் ஒரே இரவில் ஐந்து முறை 20 விழுந்தது. மறு வாரத்திலிருந்து எல்லோரும் திரையிலேயே உருட்டுகிறோம். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

தமிழில் நடத்துவது பற்றிக் கேட்டால் தனி இழையே போடலாம். காப்ளினை (கதையில் வரும் குட்டி அரக்கன்) குட்டிச்சாத்தான் என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து என் ஆட்கள் கத்தியை எடுப்பதே இல்லை. சுருட்டும் கோழியும் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

#13 சொல்லாடி (மதுரை)

ஆட்டுக்குச்செங்கல், நீங்கள் தேடுகிற சண்டைக்கு என்னிடம் மருந்து இருக்கிறது: கோட்நேம்ஸ், ஆனால் தமிழ்ச் சொற்களோடு.

தெரியாதவர்களுக்கு: செக் நாட்டு விளாடா க்வாட்டில் வடிவமைத்து 2015இல் வந்தது. 25 சொற்கள் ஐந்துக்கு ஐந்தாக. இரண்டு அணி. முதலில் ஆடும் அணிக்கு 9 சொல், மற்றதற்கு 8. ஏழு சொல் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு சொல் எமன், தொட்டால் அந்த இடத்திலேயே தோல்வி. எது யாருடையது என்பது ஒவ்வோர் அணியிலும் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லித் தன் ஆட்களுக்குக் கோடிகாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பதிப்பாளரே நடத்தும் இலவசத் தளம் உண்டு. இணைப்பை அனுப்பினால் நண்பர்கள் உள்ளே வந்துவிடலாம்.

நாங்கள் வேறு மாதிரி செய்கிறோம். பகிர்ந்த விரிதாளில் 25 கட்டம், அதில் தமிழ்ச் சொற்கள். ஆட்டத்தில் சேராத ஒருவர் (பெரும்பாலும் என் அக்கா) சொற்களைப் போட்டு, எந்தக் கட்டம் யாருக்கு என்ற வரைபடத்தை இரண்டு தலைவர்களுக்கும் தனியாக அனுப்புவார். சொல்லைத் தொட்டதும் கட்டத்துக்கு நிறம் பூசுவதும் அவர் வேலை.

தமிழ் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்த மொழியோ என்று தோன்றும். ஆறு, படி, நூல், மாலை, திங்கள், அடி, கல்... எதை எடுத்தாலும் இரண்டு மூன்று பொருள். போன வாரம் என் குறிப்பு "வானம், 3". மனதில் வைத்திருந்தவை ஞாயிறு, திங்கள், மாலை. சங்கப் பாட்டு படித்த தங்கை மூன்றையும் தொட்டிருப்பாள். என் அணியில் இருந்தவன் சித்தி மகன். அவனுக்கு ஞாயிறு என்றால் பிரியாணி, திங்கள் என்றால் ஆபீஸ், மாலை என்றால் கல்யாணம். நேராகப் போய் "பஞ்சு" என்ற சொல்லைத் தொட்டான். மேகம் பஞ்சு மாதிரி இருக்குமாம். பஞ்சுதான் எமன்.

இன்னும் தீராத வழக்கு ஒன்றும் இருக்கிறது. மேசையில் "கண்" என்ற சொல் திறக்காமல் இருக்கும்போது "கண்ணாடி" என்று குறிப்புச் சொல்லலாமா? மேசையில் உள்ள சொல்லின் வடிவத்தையோ, கூட்டுச்சொல்லாக இருந்தால் அதன் பகுதியையோ சொல்லக்கூடாது என்பது விதி. கண்ணாடி தனிச்சொல்தானே என்றேன் நான். கண் + ஆடி, பிரித்தால் பிரியும் என்கிறார் எதிரணித் தமிழாசிரியர். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் ஓடுகிறது.

#14 நடுநிசி

செல்லாது. ஆடி என்றாலே கண்ணாடிதான். பிரியும்.

#15 இருபதுமுகம்

செல்லும். கண்ணாடியைக் கேட்டதும் யாருக்குக் கண் நினைவுக்கு வருகிறது? முகம்தான் வரும்.

#16 மரப்பலகை

செல்லாது. (இந்த இழையில் இதற்கு மட்டும்தான் கருத்துச் சொல்ல வந்தேன்.)

#17 புதுக்காய்

எந்தத் தளம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லையே? கேட்டான் தவிர மற்றவை எங்கே ஆடுவது?

#18 கணக்குப்பிள்ளை

சுருக்கமாக. போர்டு கேம் அரீனா என்ற பிரெஞ்சுத் தளம். 2010 முதல் இருக்கிறது, 2021இல் அஸ்மோடி என்ற பலகை ஆட்டப் பதிப்பு நிறுவனம் வாங்கியது. உலாவியிலேயே ஆடலாம், விதிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். சில ஆட்டங்களுக்கு மேசை திறக்கக் கட்டண உறுப்பினர் வேண்டும், ஆனால் கூட்டத்தில் ஒருவர் கட்டினால் போதும். உடனுக்குடன் ஆடலாம், அல்லது நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று ஆற அமரவும் ஆடலாம். நேர வித்தியாசக் கூட்டத்துக்கு இரண்டாவதுதான் சரி. கார்கசோன் என்ற ஓடு அடுக்கும் ஆட்டத்தை அப்படி ஆடிப் பாருங்கள். 72 ஓடுகள், ஒவ்வொருவர் முறைக்கும் ஒரு ஓடு, காலையில் பல் துலக்கும்போது ஒன்று வைத்துவிடலாம்.

டேபிள்டாப் சிமுலேட்டர் வேறு வகை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஆளாளுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கணினியும் ஓரளவு நல்லதாக வேண்டும். அது உங்களுக்கு ஒரு மேசையைத் தருகிறது, விதியைத் தருவதில்லை. சீட்டைக் கையால் இழுத்து, பகடையை அள்ளி எறிந்து, தப்பு செய்தால் நீங்களே சண்டை போட்டுக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் மேசையைக் கவிழ்க்கவும் பொத்தான் இருக்கிறது; எங்கள் ஆள் ஒருவன் இரண்டு மணி நேர ஆட்டத்தைக் கவிழ்த்தான். நல்லவேளை, பின்னோக்கிச் சுற்றும் வசதியும் இருக்கிறது.

மரப்பலகைக்கு ஒன்று. நேரில் ஆடுவதைவிட இணையத்தில் சிறக்கிற ஆட்டமும் உண்டு: ஹனாபி. அந்துவான் போசா உருவாக்கியது, 2013இல் ஜெர்மனியின் ஸ்பீல் தெஸ் யாரெஸ் விருது பெற்றது. உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். எட்டுக் குறிப்புக் காசுகளை வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, ஐந்து நிறங்களையும் 1 முதல் 5 வரை அடுக்க வேண்டும். முழு மதிப்பெண் 25. என் மனைவியோடு நேரில் ஆடும்போது 22க்குக் குறைந்ததே இல்லை. இணையத்தில், முகம் பார்க்காமல் ஆடினோம்: 14. தப்பான சீட்டில் நான் கை வைத்தால் அவர் இவ்வளவு நாளும் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார். எனக்கே தெரியாமல் நான் அதைப் படித்திருக்கிறேன்.

#19 மரப்பலகை

அப்படியானால் நேரில்தானே நன்றாக ஆடியிருக்கிறீர்கள்?

#20 கணக்குப்பிள்ளை

நேரில் ஆடியது ஹனாபி இல்லை என்கிறேன்.

#21 ஆட்டுக்குச்செங்கல்

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் வாய்ப்பேரம். இரண்டாவது வாரமே நெல்லைக்காரன் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற தோரணைக்கு வந்துவிட்டான். "ஒரு தாதுக்கு ரெண்டு ஆடு, போனால் வராது" என்று ஆரம்பித்து, கடைசியில் மூன்று ஆட்டைத் தள்ளிவிட்டான். ஆட்டம் ஒரு மணி நாற்பது நிமிடம் போயிற்று. பேசி முடித்த பிறகு டொராண்டோக்காரன் பொத்தானை அழுத்தாமல் ஏமாற்றினான். கை தவறிவிட்டதாம். யாரும் நம்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழுவில் நெல்லையிலிருந்து முதல் செய்தி: "தாது எங்கடா?"

மாதத்தில் இரண்டு சனி கேட்டான், இரண்டு சனி சொல்லாடியின் தமிழ்க் கோட்நேம்ஸ் என்று வைத்துக்கொண்டோம். நால்வருக்கு அணி இருவர் இருவராக அமைகிறது. சிங்கப்பூர்க்காரனின் மனைவிதான் நடுவர். அவருக்கு இழுத்த இழுப்பில் சொல் வருகிறது. வார நாளில் கார்கசோன் ஒன்று தானாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் ஒரு ஓடு வைக்கிறோம், சில நாள் அதன் அடியில் ஒரு வரி எழுதுகிறோம்.

சொதப்பியதும் உண்டு. முதல் கோட்நேம்ஸ் இரவில், ரகசிய வரைபடத்தை நடுவர் எங்கள் நால்வர் குழுவிலேயே போட்டுவிட்டார். அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். எல்லோரும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடர்ந்து ஆடினோம். அந்த ஆட்டம் நான்கு நிமிடத்தில் முடிந்தது.

#22 நடுநிசி

டொராண்டோக்காரரிடம் சொல்லிவையுங்கள், நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். உங்கள் 8:30 அதன் பிறகு இங்கே காலை 10. போன வருடம் எங்களில் பாதிப்பேர் கெடுவுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, பிழை ஆருடையது என்று அதற்கும் ஒரு சண்டை.

#23 ஆட்டுக்குச்செங்கல்

சொல்லிவிட்டேன். "அப்போ நான் இன்னும் தூக்கத்தில் இருப்பேன், பேரத்தில் ஏமாத்தாதீங்கடா" என்கிறான். நெல்லைக்காரன் இப்போதே ஆடு சேர்க்கத் தயார் என்று எழுதியிருக்கிறான்.

#24 சொல்லாடி

அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டார். "கண்" மேசையில் இருந்தால் கண்ணாடி செல்லாது, மூக்குக்கண்ணாடியும் செல்லாது. எதிரணி இப்போது கேட்கிறது: "மூக்கு" மேசையில் இருந்தால் மூக்குத்தி?